தம்மை எள்ளித் தரணியை நகைக்க வைத்தவர்: வானொலிக் கலைஞர் ஜாக் பென்னி

தோற்றுவாய்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கினைக் கூறி, அவற்றுள் எள்ளலை முதலாவதாகச் சுட்டினார். அவ்வெள்ளலும் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தாமே நகுதல் என இருதிறப்படும் என்பது உரையாசிரியர் காட்டும் விளக்கம். முன்னது எவர்க்கும் எளிது. பின்னதோ பெரியோர்க்கும் அரிது. அவ்வரியதனையே தொழிலாகக் கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்க மக்களின் ஞாயிறு மாலைகளைச் சிரிப்பால் நிறைத்தவர் ஜாக் பென்னி. அவர்தம் வாழ்வை இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

போலந்துப் பகுதியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூதரான மேயர் குபெல்ஸ்கி என்பாருக்கு 1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்த மகனே பெஞ்சமின் குபெல்ஸ்கி. இவரே பின்னாளில் ஜாக் பென்னி எனப் புகழ்பெற்றார். மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள வாக்கீகன் என்னும் சிற்றூரில் இவர் வளர்ந்தார். ஆறு வயதிலேயே தந்தையார் இவர் கையில் வயலினைக் கொடுத்தார். மகன் பேரவைகளில் பெரும் இசைவாணனாக விளங்க வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. மகனுக்கோ பயிற்சியில் நாட்டம் இல்லை. பள்ளிக் கல்வியிலும் நாட்டம் இல்லை. உயர்நிலைப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட அவ்விளைஞர், உள்ளூர் அரங்கொன்றின் இசைக்குழுவில் வயலின் வாசித்துப் பொருளீட்டலானார்.

அவ்வரங்கிற்கு வந்த மார்க்ஸ் சகோதரர்களின் தாயார் இவர் திறனைக் கண்டு தம் குழுவிற்கு அழைத்தார். பெற்றோர் இசையவில்லை. ஆயினும் 1912இல் கோரா சாலிஸ்பரி என்னும் பியானோக் கலைஞருடன் இணைந்து ஊர்தோறும் சென்று பல்சுவை மேடைகளில் வாசிக்கத் தொடங்கினார். குபெல்ஸ்கி என்ற பெயர் தம் பெயரை ஒத்திருப்பதாக குபெலிக் என்னும் புகழ்மிக்க வயலின் மேதை குறைகூற, இவர் பெயரை மாற்றிக்கொண்டார். மாற்றிய பெயரும் தம் பெயர்போல் ஒலிப்பதாக பென் பெர்னி என்னும் மற்றொரு கலைஞர் முறையிட, இறுதியில் ஜாக் பென்னி ஆனார். தமக்கென ஒரு பெயரைப் பெறுவதற்கே இருமுறை விட்டுக்கொடுக்க நேர்ந்தது அவர்க்கு.

வில்லை வைத்து வாய் திறந்தமை

முதல் உலகப் போரின்போது இவர் கடற்படையில் சேர்ந்து, வாக்கீகனுக்கு அருகிலுள்ள கிரேட் லேக்ஸ் பயிற்சித் தளத்தில் பணியாற்றினார். அங்கு ஒருநாள் படைவீரர்முன் வயலின் வாசித்தபோது அவையோர் ஆரவாரித்து இகழ்ந்தனர். இவர் வில்லைத் தாழ்த்திவிட்டுச் சில சொற்களைப் பேசினார். இகழ்ந்த வாய்கள் சிரித்தன. இகழ்ச்சி நகைப்பாக மாறும் அந்த நொடியை இவர் மறக்கவில்லை. அதன்பின் வயலின் இவர் கையில் இருந்ததே ஒழிய, வாசிப்பு குறைந்தது, பேச்சு வளர்ந்தது.

1927இல் சேடி மார்க்ஸ் என்பாரை மணந்தார். அவ்வம்மையார் பின்னர் மேரி லிவிங்ஸ்டன் என்னும் பெயரில் கணவருடன் வானொலியில் நடித்து, அப்பெயரையே தம் பெயராகவும் கொண்டார்.

ஞாயிறு மாலை ஏழு மணி

1932ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஜாக் பென்னியின் சொந்த வானொலி நிகழ்ச்சி தொடங்கியது. அக்காலத்தில் நிகழ்ச்சிக்கு ஆகும் பொருளை வணிக நிறுவனமொன்று ஏற்கும். அதன் விளம்பரமும் நிகழ்ச்சியின் நடுவே ஒலிக்கும். குளிர்பான நிறுவனம் ஒன்றே இவரை முதலில் ஆதரித்தது. அந்நிறுவனத்தின் சரக்கையே இவர் விளையாட்டாகக் கேலி செய்தது அன்றைய வானொலிக்குப் புதுமை. 1934 அக்டோபர் முதல் ஜெல்லோ என்னும் இனிப்புப் பண்டத்தின் ஆதரவில், என்.பி.சி. வானொலியில் ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு அரைமணி நேர நிகழ்ச்சியாக அது நிலைபெற்றது.

நாடு பொருளாதார வீழ்ச்சியில் தவித்த காலம் அது. தொலைக்காட்சி இல்லங்களுக்குள் வாராத காலமும் ஆகும். கூடத்தில் இருந்த வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து பாட்டியும் பேரனும் ஒருங்கே அமர்வர். காட்சி ஏதுமின்றிச் செவிவழி வரும் குரலும் ஓசையும் கொண்டே ஒரு வீட்டையும், வீதியையும், அதில் இருமி இருமி ஓடும் பழைய மேக்ஸ்வெல் மகிழுந்தையும் தத்தம் மனத்தில் கட்டியெழுப்புவர். வேலையும் பள்ளியும் மீண்டும் தொடங்கும் திங்களுக்கு முன்னர், ஒரு குடும்பம் சேர்ந்து சிரித்த கடைசி அரைமணி நேரம் அதுவே எனலாம்.

1949 சனவரியில் இவர் சி.பி.எஸ். நிறுவனத்திற்கு மாறியபோதும் ஞாயிறு ஏழு மணி மாறவில்லை. 1955 மே மாதத்தில் வானொலி நிகழ்ச்சி முடிவுறும் வரை அந்நேரம் அவருடையதாகவே இருந்தது.

தம்மையே நகைப்பொருளாக்கிய திறம்

வானொலியில் இவர் படைத்த பாத்திரத்தின் பெயரும் ஜாக் பென்னியே. அவன் ஓர் உலோபி. தன் வீட்டின் நிலவறையில் பணத்தைப் பூட்டி வைத்துக் காவலாளியையும் அமர்த்தியவன். எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் தன் வயது முப்பத்தொன்பது என்றே சாதிப்பவன். வயலினைக் கொடுமையாக வாசித்துவிட்டுத் தன்னை மேதை என எண்ணிக்கொள்பவன்.

இப்பாத்திரத்தைச் சூழ்ந்து நின்ற ஒவ்வொருவரும் அவனை எள்ளுவதற்கென்றே அமைந்தனர். மனைவி மேரியும், அறிவிப்பாளர் டான் வில்சனும், இசைக்குழுத் தலைவர் ஃபில் ஹாரிசும், இளம்பாடகர் டென்னிஸ் டேயும் நகைமிக்க சொற்களைப் பேசுவர். பென்னியோ அடிபட்டு நிற்பார். தம் பெயரால் நடக்கும் நிகழ்ச்சியில் சிறந்த வரிகளைப் பிறர்க்கு வழங்கிவிடுதல் கலையுலகில் எளிதன்று. நிகழ்ச்சி சிறந்தால் போதும். எவர் வாயிலிருந்து சிரிப்புப் பிறந்தால் என்ன என்பது அவர் கொண்ட கொள்கை. ஃபிரெட் ஆலன் என்னும் நகைச்சுவையாளருடன் இவர் வானொலியில் பல ஆண்டுகள் பூசலிட்டார். மெய்வாழ்விலோ இருவரும் நண்பர்கள்.

சொல்லினும் மௌனம் இவர்க்குக் கைவந்த படைக்கலம். 1948 மார்ச் 28ஆம் நாள் ஒலிபரப்பான காட்சி அதற்குச் சான்று. இருளில் ஒரு கள்வன் வழிமறித்துப் பணமா உயிரா என வினவுகிறான். உலோபி விடை கூறவில்லை. வானொலியில் மௌனம் என்பது வெறுமை. நிலையம் பழுதுற்றதோ எனக் கேட்போர் ஐயுறும் வெறுமை. ஆயினும் அவ்வெறுமையிலேயே அரங்கில் சிரிப்பு எழுந்து வளர்ந்தது. கள்வன் பொறுமையிழந்து மீண்டும் அதட்ட, தாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பதாக உலோபி சீறுகிறான். பதினாறு ஆண்டுகள் பொறுமையாக வளர்த்த பாத்திரத்தை நாடே அறிந்திருந்தமையால் அன்றோ பேசாத வாய்க்கு அத்தனை சிரிப்பு கிட்டியது!

ஒரு குறையும் அதன் திருத்தமும்

பெரியோர் வாழ்வைப் பேசுங்கால் குறையை மறைத்தல் முறையன்று. 1937 மார்ச்சில் எட்டி ஆண்டர்சன் என்னும் கறுப்பின நடிகர் தொடர்வண்டிப் பணியாளராக இந்நிகழ்ச்சியில் ஒருமுறை தோன்றினார். கேட்போர் விரும்பவே, அவர் விரைவில் ராச்செஸ்டர் என்னும் வீட்டுப் பணியாளர் பாத்திரமாக நிலைபெற்றார். நாடு முழுவதும் ஒலித்த வானொலி நிகழ்ச்சியில் நிலையான இடம் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே எனப் போற்றப்படுகிறார். எனினும் தொடக்க ஆண்டுகளில் அப்பாத்திரத்தின்மேல் ஏற்றப்பட்ட நகைச்சுவை, கறுப்பின மக்களைப் பற்றிய இழிவான பொதுக்கருத்துகளைச் சார்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின் கொடுமைகள் வெளிப்பட்டபின், பிறப்பைக் காட்டிச் சிரிக்க வைக்கும் அத்தகைய பகுதிகளைப் பென்னி நீக்கலானார். முதலாளியின் அற்பத்தனத்தை அறிவால் வென்று நிற்கும் பணியாளராக ராச்செஸ்டர் உயர்ந்தார். எள்ளல் எளியாரை நோக்கிச் செல்லாமல் தம்மை நோக்கியே திரும்ப வேண்டும் என்னும் தம் கலையின் அறத்தை அவர் முழுமையாக உணர்ந்தது அப்போதுதான் என நாம் கருதலாம்.

உலோபியும் வள்ளலும்

பாத்திரம் உலோபி, படைத்தவரோ வள்ளல். போர்க்காலத்தில் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, தென் பசிபிக் தீவுகள் எனப் பல முனைகளுக்குச் சென்று படைவீரர்களை மகிழ்வித்தார். தம் அறுபதுகளில் மீண்டும் வயலினைக் கையிலெடுத்துப் பயிற்சி செய்தார். 1956இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் தொடங்கிப் பல நகரங்களில் இசைக்குழுக்களுடன் மேடையேறினார். சிறந்த கலைஞர்கள் சூழ்ந்திருக்க, இவர் பிழைபட வாசிப்பதைக் கேட்கவே மக்கள் உயர்ந்த கட்டணம் செலுத்தினர். அவ்வாறு திரண்ட பல இலட்சம் டாலர்கள் இசைக்குழுக்களின் வாழ்வுக்கும் இசைவாணர்களின் நலனுக்கும் சென்றன. தந்தையார் கண்ட கனவு கோணலாகவேனும் நிறைவேறியது. தம்மிடமிருந்த அரிய ஸ்ட்ராடிவாரியஸ் வயலினையும் லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழுவுக்கே விட்டுச் சென்றார்.

பள்ளிக் கல்வியை முடிக்காத இவர் பெயரால் வாக்கீகனில் 1961இல் ஒரு நடுநிலைப் பள்ளி தோன்றியது. கல்வி நிலையத்தில் அமர்ந்து இக்கட்டுரையை வரையும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்வைத் தருகிறது.

முடிவுரை

1974ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், கணையப் புற்றுநோயால் ஜாக் பென்னி மறைந்தார். அவர் மறைந்தபின் மேரி அம்மையாரின் இல்லத்திற்கு ஒரு செந்நிற ரோசா மலர் வந்தது. மறுநாளும் வந்தது. தம் மனைவி வாழும் நாளெல்லாம் நாளொன்றுக்கு ஒரு மலர் சென்று சேர அவர் முன்னரே ஏற்பாடு செய்திருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. ஒரு காசு செலவிடக் கள்வன்முன் எண்ணிப் பார்த்தவராக நாடறிந்தவர், தாம் இல்லாத நாள்களுக்கும் எண்ணிப் பாராமல் கொடுத்துச் சென்றார்.

அவர்தம் நிகழ்ச்சிகள் பல ஒலிப்பதிவுகளாக எஞ்சியுள்ளன. பழைய வானொலியை விரும்புவோர் ஞாயிறு மாலைகளில் அவற்றை இன்றும் கேட்டு மகிழ்கின்றனர். அக்காலத்து அரசியல் செய்திகளைத் தொட்ட நகைகள் சில இன்று விளங்காமற் போகலாம். ஆனால் தன்னை மேதை என எண்ணி ஏமாறும் மனிதனின் நகை பழமை எய்துவதில்லை; அம்மனிதன் நம் ஒவ்வொருவருள்ளும் இருக்கின்றான். பிறரைத் தாழ்த்திச் சிரிப்பு விளைவிக்க எண்ணும்போதெல்லாம், தாம் தாழ்ந்து நின்று ஒரு நாட்டைச் சிரிக்க வைத்த இப்பெருமகனை நாம் நினைவிற் கொள்வோமாக.