ஐதர் அலியின் இரும்புக் குழல்

ராக்கெட்டு என்றதும் நம் சங்கத்து நண்பர்களின் நினைவு ஸ்ரீஹரிகோட்டாவுக்குத்தான் ஓடும். ஓடுவதும் முறையே. 2022ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டம் பிறந்தபோது அத்தீவும் அதனோடு சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள், ஐதராபாத்து ஸ்கைரூட் நிறுவனத்தாரின் விக்ரம்-எஸ் அங்கிருந்து கிளம்பி 89.5 கிலோமீட்டர் உயரம் பாய்ந்தது. இந்தியாவில் தனியார் ஏவிய முதல் ராக்கெட்டு அதுவே. 2024 மே 30ஆம் நாள் சென்னை அக்னிகுல் நிறுவனத்தாரின் அக்னிபாண் எழுந்தது. அரசு மட்டுமே செய்துவந்த தொழிலில் வணிகரும் புகுந்துவிட்டனர். ஆயினும் இக்கலையின் பழங்கதைக்குச் சித்தூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே மாண்டவன் ஒருவனைப் பற்றியே எழுத வந்தேன்.

ஐதர் அலி ஏறத்தாழ 1720இல், கோலார்ப் பகுதியில் உள்ள பூதிகோட்டையில் பிறந்தான். அவன் தந்தை பத்தே முகமது, ஆற்காட்டு நவாபின் படையில் வாணம் விடுவோர் ஐம்பதின்மருக்குத் தலைவர். அவை மூங்கிற்குழல் வாணங்கள். பெரும்பாலும் அடையாளங் காட்டப் பயன்பட்டவை. தந்தை போரில் மடிந்தார். மகன் மைசூர்ப் படையில் சேர்ந்து, 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் பெற்றான். 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தான். அங்கே பிரெஞ்சுக் கைவினைஞரைக் கொண்டு படைக்கலச் சாலை நிறுவினான். தொழிலின் அருமையை அவன் கற்ற பள்ளி நம் திண்டுக்கல் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1761இல் மைசூர் ஆட்சி முழுதும் அவன் கையில் வந்தது. எழுதப் படிக்க அறியாதவன் அவன். ஆனால் கேட்டதை மறவாதவன்.

தந்தை கையாண்ட மூங்கிலுக்கும் மகன் படை கையாண்ட இரும்புக்கும் இடையே உள்ளதுதான் கதையின் உயிர். வாணத்தின் வேகம் எதனால் வருகிறது? உள்ளே எரியும் மருந்து வாயுவாகிப் பின்புறம் பாய்கிறது. அந்த விசை குழலை முன்னே தள்ளுகிறது. மருந்தை இறுக அடைத்தால் அழுத்தம் மிகும். அழுத்தம் மிகுந்தால் வேகம் மிகும். ஆனால் மூங்கிலும் காகிதமும் அவ்வழுத்தத்தைத் தாங்கா, வெடித்துச் சிதறும். மைசூர்க் கொல்லர்கள் இரும்பைத் தகடாக அடித்துக் குழலாகச் சுருட்டினர். ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் நீளக் குழல். திசை மாறாதிருக்க அதனோடு கட்டிய மூங்கிற் கழி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழுந்தது. வரலாறு மன்னன் பெயரைச் சொல்கிறது. கொல்லர் பெயரைச் சொல்லக் காணோம்! இன்றைய விக்ரம்-எஸ் கரியிழையால் ஆன உடல் கொண்டது; அக்னிபாணின் எஞ்சினையோ ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக அச்சிட்டு எடுத்தனர்.

ஐதரின் வாணப் படையில் 1,200 பேர் வரை இருந்தனர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை அவர்கள் எதிர்கொண்டனர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. வாணம் பட்டே வெடித்தன என்பர். பெய்லி சிறைப்பட்டான்.

இங்கே ஒன்று சொல்லாமற் செல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து திருப்பதிக்குப் படிக்க வந்தவன் நான். ஐதரின் குதிரைப் படை அவ்வாண்டு எரித்தது எங்கள் பக்கத்து ஊர்களை. களத்து நெல்லும் மாடும் போயின. சென்னையில் பஞ்சம் புகுந்தது. ஆங்கிலேயனை வென்றான் என்று தோள் தட்டும் நாம், அந்த உழவரின் கண்ணீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? அவனைத் தெய்வமாக்கவும் வேண்டாம், அரக்கனாக்கவும் வேண்டாம்.

1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐர் கூட்டிடம் தோற்றான். முதுகில் எழுந்த கட்டி அவனை வாட்டியது. 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர் நீத்தான். மகன் திப்பு அப்போது மலையாளக் கரையில் இருந்தான். அவன் வந்து சேரும்வரை சாவை மறைத்து வைத்தனர். உடலைக் கோலாரில் தந்தையின் கல்லறைக்குக் கொண்டு சென்றனர். பின்னரே அது சீரங்கப்பட்டினம் சேர்ந்தது.

திப்பு வாணப் படையை மேலும் பெருக்கினான். 1799இல் அவனும் வீழ்ந்தான். வாணங்கள் கப்பலேறி இங்கிலாந்தின் ஊலிச்சுக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து, அளந்து, திருத்தி, எழுதியும் வைத்தான். 1807இல் கோபன்ஹேகன் நகர் அவனது வாணங்களால் எரிந்தது.

நம் நாட்டில் எஞ்சியவை மண்ணுக்குள் கிடந்தன. 1763இல் ஐதர் வென்று தன் பெயரிட்ட பிதனூர், இன்று கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா. 2018இல் அவ்வூர்ப் பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஏறத்தாழ 1,000 இரும்பு வாணங்கள் வெளிவந்தன. துருவேறிய அக்குழல்களுள் வெடிமருந்து இன்னும் அடைந்தபடியே இருந்தது.