கலிலியோ

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஏரிக்கரைப் பனைமரங்கள் சில இன்றும் எஞ்சி நிற்கின்றன. காற்று வீசும் நாளில் முற்றிய பனம்பழம் கழன்றால், நொடிப்பொழுதில் தரையை மோதும். உடன் உதிர்ந்த சருகோலையோ அசைந்தாடி மெல்ல இறங்கும். இதனைக் காண்போர், கனத்த பொருள் விரைந்தும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும் என்று எளிதில் முடிவு செய்வர். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் அவ்வாறே கருதினார். ஏறத்தாழ 2000 ஆண்டுகள் அறிஞர் பெரும்பாலோர் அக்கருத்தையே போற்றி வந்தனர். அதனைச் சோதித்து, அளந்து, உண்மையை நிலைநாட்டிய பெருமை கலிலியோவைச் சாரும்.

கலிலியோ இத்தாலி நாட்டுப் பைசா நகரில் 1564-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ இசையில் வல்லவர். அவர் மகனை மருத்துவராக்க விரும்பி, 1581-இல் பைசாப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். மைந்தரின் உள்ளமோ கணிதத்தில் தோய்ந்தது. பட்டம் பெறாமலே கல்வியை விடுத்த அவர், 1589-இல் அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். பின்னர், 1592 முதல் 18 ஆண்டுகள் பாதுவா நகரில் பணியாற்றினார்.

பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் உச்சியினின்று அவர் வெவ்வேறு எடையுள்ள குண்டுகளை விழச்செய்தார் என்னும் கதை எங்கும் வழங்குகிறது. அவருடைய மாணவர் விவியானி அதனை எழுதி வைத்தார். ஆயினும், அது உண்மையில் நிகழ்ந்ததோ என ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுகின்றனர். கலிலியோவின் புகழ் அக்கதையைச் சார்ந்து நிற்கவில்லை.

அவர் ஈயக்குண்டு ஒன்றையும் தக்கைக்குண்டு ஒன்றையும் ஒரே நீளமுள்ள நூல்களில் தொங்கவிட்டு ஆட்டினார். எடையில் பெரிதும் வேறுபட்ட அவ்விரண்டும் ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ ஒரே காலத்தை எடுத்துக்கொண்டன. எனவே, வீழ்ச்சியின் விரைவுக்கு எடை காரணமன்று என்றும், ஓலை பின்தங்குவது காற்றின் தடையாலேயே என்றும் தெளிந்தார்.

அடுத்து, விழும் பொருளின் வேகம் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய விழைந்தார். ஆனால், விழும் பொருளோ கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத விரைவுடையது. வினாடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரமும் அந்நாளில் இல்லை. வீழ்ச்சியை விரட்டிப் பிடிக்க இயலாதெனக் கண்ட கலிலியோ, அதனை மெதுவாக்கத் துணிந்தார். 12 முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் அமைத்து, அதனைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருளவிட்டார். பாத்திரத்தின் சிறு துளை வழியே ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்தார். ஒரே சோதனையை நூறுமுறை வரை திரும்பத் திரும்பச் செய்தார். காலம் இரு மடங்காயின் தொலைவு நான்கு மடங்காகிறது. காலம் மும்மடங்காயின் தொலைவு ஒன்பது மடங்காகிறது. சம காலப் பகுதிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என ஒற்றையெண் வரிசையில் அமைகின்றன.

இவ்விதியை அவர் படமாகவும் விளக்கினார். காலத்தை ஒரு கோடாகவும், வேகத்தை அதற்குக் குறுக்கே வளரும் கோடுகளாகவும் வரைந்தபோது ஒரு முக்கோணம் உருவாயிற்று. நாம் இன்று வரையும் வேக வரைபடத்திற்கு அது முன்னோடியாகும். மாணவர்களே! 1931 முதல் தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே ஓடும் மின்சார இரயிலை எண்ணிப் பாருங்கள். தாம்பரத்தில் புறப்படுகையில் அதன் வேகக்கோடு மேலெழும். சீராக ஓடுகையில் கிடையாகச் செல்லும். சானட்டோரியம் நிலையத்தை நெருங்குகையில் கீழிறங்கிச் சுழியைத் தொடும். தடையின்றி விழும் கல்லின் கோடோ, வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 10 மீட்டர் வேகம் கூடி, நேராக மேலேறும். முதல் வினாடி முடிவில் வேகம் 10; இரண்டாம் வினாடி முடிவில் 20. கோட்டின் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பே கல் கடந்த தொலைவாகும்: 1 வினாடியில் 5 மீட்டர், 2 வினாடியில் 20 மீட்டர்.

1609-இல் கலிலியோ தொலைநோக்கியை வானை நோக்கித் திருப்பினார். புவி ஞாயிற்றைச் சுற்றுகிறது என்னும் கொள்கையை ஆதரித்து 1632-இல் நூல் வெளியிட்டார். அதன் பயனாக 1633-இல் உரோமாபுரியில் சமய நீதிமன்றம் அவரை விசாரித்தது. தம் கொள்கையைக் கைவிடுவதாக, 69 வயது முதியவரான அவர் மண்டியிட்டுக் கூறவேண்டியதாயிற்று. ஆயுள் முழுதும் வீட்டுக்காவல் விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அருமை மகளும் மறைந்தார். அத்துயரிலும் அவர் இளமையில் தொடங்கிய ஆராய்ச்சிக்கே திரும்பினார். பொருள்களின் வீழ்ச்சியையும் இயக்கத்தையும் விளக்கும் அவருடைய நூல் 1638-இல் ஆலந்து நாட்டு இலெய்டன் நகரில் அச்சேறியது. அப்போது அவர் கண்ணொளியை முற்றும் இழந்திருந்தார். 1642 ஜனவரி 8-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் காட்டிய வழி நம் நகருக்கும் வந்தது. 1821-இல் சென்னை வானாய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆட்டி, புவியீர்ப்பை அறிய உதவும் அளவீடுகளைச் செய்தார். 1971-இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒருங்கே கைவிட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டன.

கலிலியோவை மண்டியிடச் செய்ய முடிந்தது. அவர் அளந்த அளவை மாற்ற எவராலும் இயலவில்லை. பெரியோர் கூறினும், கண்ணே கண்டதாயினும், அளந்தறிந்து தெளிவதே அறிவுடைமை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.