பீற்றர் மெடவார் பெருமகனார்

கல்முனைக் கரையோரத்து இல்லமொன்றில் தாயொருத்தியின் சிறுநீரகங்கள் செயலிழந்தன என்று கொள்வோம். கணவரோ மக்களோ தம் சிறுநீரகம் ஒன்றை ஈய முன்வருகின்றனர். அவ்வுறுப்பு பழுதற்றதாயினும் வைத்தியர் சிலவேளை அதனை ஏற்க மறுப்பர். ஈவோர் அன்பிற் குறையில்லை, உறுப்பிலும் குறையில்லை. பின்னர் மறுப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடைகாண வழிவகுத்த பெரியார் பீற்றர் மெடவார் ஆவர். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மெடவார் 1915ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலே, லெபனான் வழிவந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகவாய்ப் பிறந்தார். இங்கிலாந்திற் கல்வி பயின்று, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்றுத் தேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் இல்லத்தருகே விமானமொன்று வீழ்ந்தது. அதில் எரியுண்ட வீரனின் துயர், பிறர் தோல் ஒருவர் உடலில் ஏன் நிலைப்பதில்லை என்னும் ஆராய்ச்சியில் அவரை ஈடுபடுத்திற்று.

கிளாஸ்கோ நகர வைத்தியசாலையிலே தோமஸ் கிப்சன் என்னும் சத்திரவைத்தியருடன் அவர் பணியாற்றினார். தீக்காயமுற்ற பெண்ணொருத்திக்கு அவளது தோலும் அவள் சகோதரனின் தோலும் ஒட்டப்பட்டன. அவளது தோல் நிலைத்தது. சகோதரன் தோல் அழிந்தது. அவன் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது முன்னையினும் விரைவாக அழிந்தது. உடல் அயற்பொருளை ஒருமுறை கண்டால் அதனை நினைவில் இருத்தி, மறுமுறை கடிதின் எதிர்க்கும் என்னும் உண்மை 1943ஆம் ஆண்டில் இவ்வாறு வெளியாயிற்று.

மேலே கூறிய தாயின் நிலையும் இதுவே. கருவுற்ற காலத்திற் குழந்தையின் வழியாகத் தந்தையின் கூறுகளை அவள் உடல் அறிந்து, பிறபொருளெதிரிகளை ஆக்கியிருத்தல் கூடும். பிறர் குருதி ஏற்றினும், முன்னரே உறுப்பு மாற்றினும் இவ்வாறு நிகழலாம். ஆதலின் ஈவோரின் கலங்களைப் பெறுவோரின் குருதிநீருடன் கலந்து சோதிப்பர். எதிர்ப்புக் காணப்பட்ட 30 மாற்றங்களில் 24 உடனே பழுதாயின என்றும், காணப்படாத 195இல் 8 மட்டுமே அவ்வாறாயின என்றும் 1969இல் பட்டேல், தெரசாகி என்போர் காட்டினர். உறுப்பைக் குளிரில் வைத்து விரைந்து பொருத்துதல் அதன் நலத்தைக் காக்கும். எனினும் பெறுவோர் உடலின் பழைய நினைவை அது மாற்றாது.

அந்நினைவை வெல்லவும் மெடவார் முயன்றார். பிறவாத எலிக்குஞ்சுகளுக்கு வேற்றெலியின் கலங்களைச் செலுத்தின், அவை வளர்ந்தபின் அவ்வெலியின் தோலை ஏற்கும் என்று 1953இல் பில்லிங்காம், பிரென்ற் ஆகியோருடன் நிறுவினார். மறு ஆண்டில் பொஸ்ரன் நகரில் ஒத்த இரட்டையரிடையே முதன்முதல் சிறுநீரக மாற்றம் வெற்றிபெற்றது. 1960இல் பேணெற் என்பாருடன் மெடவார் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1969இல் மூளையிற் குருதிக்கசிவு நேர்ந்து உடல் தளர்ந்தும் அவர் எழுதுவதை விட்டாரல்லர். 1987ஆம் ஆண்டு மறைந்தார். அவ்வாண்டிலேயே இலங்கையிலும் மனித இழைய மாற்றத்துக்கான 48ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று.

எதிரிகளைக் குறைக்கும் சிகிச்சையும், இரு குடும்பத்தார் தம்முள் உறுப்பை மாற்றி ஈயும் முறையும் பின்னர்த் தோன்றின. ஆகவே வைத்தியர் மறுப்பைக் கேட்டு எவரும் தம் அன்பு தள்ளப்பட்டதென நோவற்க; மற்றொரு வழி உண்டோ என வினவுக. பயனற்றுப்போன ஒரு சிகிச்சையையே உற்றுநோக்கி உண்மை கண்டவர் மெடவார். தோல்வியையும் ஆராயும் அப்பண்பை நம் மாணவர் பயில்வாராக.