பூச்சு மருந்தும் புகாராவின் வைத்தியரும்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நெடுநாளாக நடக்கிறது. உம்மும்மா இஷாத் தொழுகைக்குப் பின் கருஞ்சீரக எண்ணெயை இளஞ்சூடாக்கி முழங்காலில் தேய்ப்பார். பதுளையின் டிசம்பர் குளிரில் இது ஒருநாளும் தவறாது. தோல் உடலின் மதில், மேலே பூசுவது மேலேயே நின்றுவிடும் என்று உயிரியல் படிக்கும் நான் வாதிடுவேன். அவர் சிரித்துக்கொண்டே மற்ற முழங்காலையும் தேய்ப்பார். இந்த வழக்கைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு அண்மையில்தான் தெரிந்தது.

அவர்தான் இப்னு சீனா. ஹிஜ்ரி 370 இல், அதாவது கி.பி. 980 இல், இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள புகாராவுக்கு அருகே அஃப்ஷானா என்ற கிராமத்தில் பிறந்தார். பத்து வயதில் குர்ஆனை மனனம் செய்திருந்தார். பதினாறு வயதுக்குள் வைத்தியத்தில் தேர்ந்து நோயாளிகளையும் பார்க்கலானார். வைத்தியம் ஒன்றும் கடினமான துறையல்ல என்று பின்னர் தம் வரலாற்றில் எழுதி வைத்தார். உயர்தர வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இதை வாசிக்கச் சற்றுக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவருக்கும் புரியாத பாடம் ஒன்று இருந்தது. அரிஸ்டோட்டிலின் மெய்யியல் நூலொன்றை நாற்பது தடவை வாசித்தும் அவருக்கு விளங்கவில்லை. கடைத்தெருவில் ஒருவர் வற்புறுத்தி மூன்று திர்ஹத்துக்கு விற்ற அல்-ஃபாராபியின் நூல்தான் அதை விளங்க வைத்தது. அந்த மகிழ்ச்சியில் மறுநாள் ஏழைகளுக்கு ஸதகா கொடுத்தார்.

புகாராவின் அமீர் நூஹ் இப்னு மன்சூர் நோயுற்றபோது சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட வைத்தியர்களுள் இந்த இளைஞரும் ஒருவர். அதன் பயனாக அரச நூலகத்தின் கதவு அவருக்குத் திறந்தது. பின்னர் தந்தை இறந்தார், அரசும் சரிந்தது. ஊர் ஊராக அலைந்து ஈரானின் ஹமதான் நகரை அடைந்தார். அங்கே அமீரின் வயிற்று வலியைக் குணப்படுத்தி வஸீர் பதவியும் பெற்றார். படையினர் கிளர்ந்து வீட்டைச் சூறையாடியபோது நாற்பது நாட்கள் ஒளிந்திருந்தார். பிற்காலத்தில் நான்கு மாதங்கள் கோட்டைச் சிறையிலும் கிடந்தார். இத்தனைக்கும் நடுவில் எழுதி முடித்ததே ஐந்து பாகங்கள் கொண்ட அல்-கானூன் என்ற வைத்திய நூல். ஐரோப்பாவில் அது இலத்தீனில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. யூனானி வைத்தியர்களுக்கு அது இன்றும் மூலநூல்.

பூசும் மருந்தில் மென்மையான பகுதி, கடினமான பகுதி என இரண்டு உண்டு என்று அதில் அவர் விளக்கினார். மென்மையானது தோலினூடே உட்செல்லும், கடினமானது வெளியே தங்கிவிடும். உட்சென்றது பூசிய இடத்தோடு நில்லாமல் கீழேயுள்ள மூட்டுகளையும், அதற்கு அப்பாலும் எட்டலாம் என்பது அவர் கருத்து. இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் நரம்பு வலிக்குக் கந்தகத்தைத் தாருடன் குழைத்துப் பற்றுப் போட்டு, அது நகராதிருக்க மேலே காகிதத் துண்டொன்றை ஒட்டும் முறையையும் சொன்னார். தமக்கே தலைவலி வந்தபோது பனிக்கட்டியை நொறுக்கித் துணியில் சுற்றித் தலையில் வைத்துக் குணமடைந்ததை அவருடைய மாணவர் அல்-ஜுஸ்ஜானி பதிவு செய்திருக்கிறார்.

நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் சொன்னது இது. தோலின் வெளிப்படை இறந்த கலங்களால் ஆனது, தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்குதான் என்று இன்று அறிவோம். அந்தக் கலங்களுக்கிடையே கொழுப்பு நிறைந்திருக்கிறது. கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள் அதனூடே மெல்லக் கசிந்து இரத்தத்தைச் சேரும், பெரியவை வெளியே நிற்கும். ஆகவே உம்மும்மாவும் நானும் ஆளுக்குப் பாதி சரி. 1979 இல் அமெரிக்காவில் காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்து ஒன்று வந்தது. பயணத்தில் வரும் வாந்தியை அது மூன்று நாட்கள் தடுக்கும். பெரகலைக்கும் ஹல்துமுல்லைக்கும் இடையிலான வளைவுகளில் சொப்பிங் பையைக் கையில் பிடித்தபடி கொழும்புக்குப் போன எவருக்கும் அதன் அருமை புரியும்.

ஆனால் தோல் ஆள் பார்த்துக் கதவு திறப்பதில்லை. எங்கள் ஊவாத் தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கும் நஞ்சுக்கும் மருந்து என்றே பெயர். முதுகுத் தாங்கி கசிந்து சட்டை நனைந்தால் அதுவும் தோல்வழியே உள்ளே போகும், காயமிருந்தால் இன்னும் விரைவாக. கைக்குழந்தையின் தோல் இன்னும் இளகியது. சளிக்கென்று கற்பூரம் சேர்ந்த தைலத்தை அதன் நெஞ்சில் அள்ளிப் பூசினால் வலிப்பு வரக்கூடும். நான் உம்மாவிடம் இதைச் சொன்ன அன்றே, தம்பியின் தொட்டிலருகே இருந்த போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அளவு தவறிய மருந்தின் துன்பத்தை இப்னு சீனா தாமே அனுபவித்தார். கடும் வயிற்று வலியில் தமக்கே சிகிச்சை செய்தபோது, உதவியாளர் ஒருவர் அவர் சொன்னதைவிடக் கூடுதலாகச் செலரி விதை சேர்த்துவிட்டார். பணியாள் ஒருவன் மற்றொரு மருந்தில் அபினை அதிகமாகக் கலந்தான். ஹமதானுக்குச் செல்லும் வழியில் வலி மீண்டும் வந்தது. உடலின் வலிமை தீர்ந்துவிட்டதை உணர்ந்து சிகிச்சையை நிறுத்திக்கொண்டார். அடிமைகளை விடுவித்து, பொருளை ஏழைகளுக்குப் பகிர்ந்து, குர்ஆன் ஓதுவதில் நாட்களைக் கழித்தார் என்பர். ஹிஜ்ரி 428 ரமழானில், கி.பி. 1037 இல், வபாத்தானார். அவருடைய கப்ர் ஹமதானில் இருக்கிறது.