வத்தலக்குண்டு தந்த சிவா

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு தியாகி சுப்பிரமணிய சிவா பெயர். கல்லூரி நாட்களில் அங்கே எத்தனையோ தடவை பஸ் மாறியிருப்போம். யார் அந்த சிவா என்று நம்மில் ஒருத்தரும் கேட்டதில்லை. நான் கேட்டது போன வருஷம்தான், அப்பாவின் ஆபரேஷனுக்குப் பிறகு.

அவர் 4.10.1884 அன்று வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யுடன் நின்று மேடைமேடையாக முழங்கினார். மார்ச்சில் கைது. பத்தாண்டு தீவாந்தர தண்டனை, அப்பீலில் ஆறாண்டாகக் குறைந்தது. சிறை வாழ்க்கை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்தது. இன்று கூட்டு மருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் குணமாகும் நோய். அன்று அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. உடம்பில் புண்கள், தோற்றமே மாறிப்போனது.

1912இல் விடுதலையானவர் ஒதுங்கி உட்காரவில்லை. 1913இல் ‘ஞானபானு’ இதழைத் தொடங்கினார். பாரதியார் அதில் எழுதினார். தொழுநோயாளி என்று ரயிலில் ஏறத் தடை வந்தது. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய், அதே உடம்போடு ஜனங்கள் முன்னால் நின்று பேசினார். 1921இல் மறுபடியும் கைது. 1923இல் தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயிலுக்குச் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டினார். அந்த ஊரிலேயே 23.7.1925 அன்று காலமானார். வயது நாற்பதுதான்.

என் அப்பாவுக்கு மூக்கோரம் ஆறாத புண். தோல் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்து, வேறு இடத்துத் தோலை ஒட்டினார்கள். நோய் போச்சு, தழும்பு நின்றது. டீக்கடை, கல்யாண வீடு எல்லாவற்றையும் அப்பா நிறுத்திவிட்டார். வெளியே போனால் முகத்தில் துண்டு. ஒட்டுமா என்று சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டதுதான் அவரை அதிகம் வாட்டியது. புற்றுநோய் ஒட்டுவதில்லை; அன்றைக்கு அதைச் சொல்லாமல் நானும் வாய்மூடி நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போய், சிவாவின் கதையைச் சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. டீ வந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குடித்தார். திரும்பும்போது மறுபடியும் கட்டிக்கொண்டார். இப்போது பாதி நாள் கட்டுவதில்லை.

நண்பர்களே, இந்தச் சந்திப்புக்கு நம்மில் யாராவது மாறிய முகத்தோடு வரலாம். முகத்துக்கு என்ன ஆச்சு என்று ஆரம்பிக்காமல், பேர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.