செபமாலை அணிந்த பிச்சைக்காரர்



பங்குகளில் ஒருவரை ஊக்கப்படுத்துவது என்றால் திருவிழா மேடையில் ஒரு பொன்னாடை போர்த்துவது என்ற அளவில்தான் பல நேரங்களில் நாம் நிற்கிறோம். சனவரி 16 அன்று நாம் நினைவுகூரும் புனித ஜோசப் வாஸ் அடிகளார், உடைந்துபோன ஒரு திருச்சபையைத் தேடிச் சென்று எடுத்து நிறுத்தியவர். அவர் எப்படித் தொடங்கினார் என்பதைப் பார்ப்பது நமக்கு நல்லது.

கோவாவின் பெனோலிம் ஊரில் 1651-இல் பிறந்து, 1676-இல் குருவானவர் அவர். இலங்கையின் கரையோரங்களை டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துவிட்ட காலம் அது. 1658-இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு இடம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. திருமுழுக்கும் திருமணமும் டச்சுக்காரரின் ஆலயத்திலேயே நடக்க வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை. ஒரு தலைமுறையே குருவின் முகம் காணாமல் வளர்ந்துவிட்டது.

இந்தச் செய்தி கேட்டு வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து புறப்பட்டார். தூத்துக்குடியில் கப்பலேறி, யோவான் என்ற உதவியாளரோடு 1687-இல் இலங்கை சேர்ந்தார். அங்கி இல்லை, கூலியாளின் கந்தல்தான். வழியிலேயே வயிற்றுக்கடுப்பு வந்து விழுந்துவிட்டார். முன்பின் அறியாத ஒரு பெண்மணி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார். இலங்கைத் திருச்சபையை ஊக்கப்படுத்த வந்தவர், முதலில் அங்குள்ள ஓர் ஏழையின் கஞ்சியால் ஊக்கம் பெற்றார்!

யாழ்ப்பாணத்தில் யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் கேட்பவருக்கும் ஆபத்து, பதில் சொல்பவருக்கும் ஆபத்து. அவர் கழுத்தில் செபமாலை ஒன்றை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அரிசி போட வருகிறவர்களின் கண்களை மட்டும் பார்த்தார். சிலர் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். சிலருடைய பார்வை செபமாலையிலேயே தங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தாரிடம்தான் மெல்லப் பேச்சுக் கொடுத்து, தாம் குரு என்று சொன்னார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பயத்தினால் டச்சு ஆலயத்துக்குப் போய்வந்த மக்கள் அவர்கள். அவர்களிடம் கணக்குக் கேட்பது எளிது. கோவிலுக்கு வராதவர்களைப் பற்றி, வந்திருப்பவர்களிடம் பீடத்திலிருந்து கடிந்துகொள்ளும் பழக்கம் நம் குருக்களிடமும் உண்டுதானே! வாஸ் அடிகளார் அவர்கள் வாசலில் கையேந்தி நின்றார். அணையாமல் கிடந்த திரி எது என்று தேடினார்.

பின்பு சில்லாலை என்னும் ஊரில் தங்கி, இரவில் வீடுகளில் திருப்பலி நிறைவேற்றி, ஒப்புரவு வழங்கி, திருமணங்களைச் சீர்ப்படுத்தினார். 1689 கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்காகக் கூடியிருந்தவர்களை டச்சு வீரர்கள் சுற்றி வளைத்தார்கள். குரு அகப்படவில்லை, மக்கள் பிடிபட்டுத் துன்புற்றார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பயந்து ஒளிந்திருந்த மக்களா இவர்கள் என்று வியக்கிறோம்.

அடுத்து அவர் புத்தளம் வழியாகக் கண்டி அரசுக்குள் நுழைந்தார். 1692-இல் போர்த்துக்கீசிய உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலேயே சிங்களம் கற்றார். பின்னர் மன்னர் விமலதர்மசூரியரின் நன்மதிப்பைப் பெற்றார். 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, சொந்தக்காரர்களே கைவிட்ட நோயாளிகளை, மதம் பாராமல், அருட்தந்தை ஜோசப் கர்வாலோவுடன் சேர்ந்து கவனித்தார். இது பலரும் அறிந்த செய்தி.

அதிகம் பேசப்படாதது வேறொன்று. போன ஊரிலெல்லாம் அவர் பொதுநிலையினரிலிருந்தே மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். (நம் பக்கத்து உபதேசியாரை நினைத்துக்கொள்ளலாம்.) குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பதும், சாகக்கிடப்பவர் அருகில் இருப்பதும் அவர்கள் பொறுப்பு. தாம் எப்போதும் அங்கே இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். தம்மையே சார்ந்திருக்கும் மக்களை உருவாக்காமல், தாம் இல்லாதபோதும் நிற்கக்கூடிய மக்களை உருவாக்கினார். நம்மைக் கேட்டால், அவருடைய புதுமைகளைவிட இதுவே பெரிது. குருக்கள் மனது வைத்தால் மட்டுமே நடக்கிற காரியம் இது!

1711 சனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பில் அறிவித்தார்கள்.

அவருக்குப் பின்னும் டச்சு ஆட்சி எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1796-இல் அது முடிந்து, 1806-இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, அந்த ஊர்களில் கத்தோலிக்கர் இருந்தார்கள்.