மகனைப் படையிசைக்கு அனுப்பிய வீடு

யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வானியலாளர் என்றே வில்லியம் ஹெர்ஷலை நாம் பள்ளிப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். வானை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புவதற்கு வெகுகாலம் முன்பே, படைப்பிரிவு ஒன்றில் சம்பளத்துக்கு இசைக்கருவி வாசித்தவர் அவர். 14 வயதில் அவரைப் படையின் இசைக்குழுவுக்கு அனுப்பியது அவருடைய குடும்பம். 18 வயதில் அவரை அங்கிருந்து விலக்கிக் கொண்டதும் அதே குடும்பம்தான். அவ்விரு முடிவுகளுக்கும் அந்த வீடு கொடுத்த விலை என்ன என்பது, சீருடை அணியும் பிள்ளைகளைப் பெற்ற எவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1738 நவம்பர் 15 அன்று ஹெர்ஷல் பிறந்தார். தந்தை ஐசக், ஹனோவர் காலாட் காவற்படையின் இசைக்குழுவில் ஓபோ என்னும் துளைக்கருவியை வாசித்தவர். அக்காலத்தில் படையிசைக் கலைஞர்கள் அணிவகுப்புகளுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். படை எங்கே சென்றதோ அங்கெல்லாம் அவர்களும் நடந்தார்கள். 1743-இல் டெட்டிங்கன் போர் முடிந்த இரவை ஐசக் நனைந்த வயலில் படுத்துக் கழித்தார். அன்று கெட்ட உடல்நலம் பின்னர் ஒருபோதும் முழுமையாகத் திரும்பவில்லை. மூச்சிரைப்பு இறுதிவரை அவரை வாட்டியது.

படைவாழ்வின் கடுமையைத் தம் உடலிலேயே சுமந்த மனிதர், பெற்ற பிள்ளைகளையும் அதே வாழ்வுக்கு ஏன் அனுப்பினார்? காரணம் எளியது. பெரிய குடும்பம், சிறிய வருமானம். கையில் இருந்த ஒரே செல்வம் இசை. அதைப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கற்றுக்கொடுத்தார். மூத்தவர் யாக்கோபு ஏற்கெனவே இசைக்குழுவில் சேர்ந்திருந்தார். 1753-இல் வில்லியமும் ஓபோவும் வயலினும் வாசிப்பவராகச் சேர்ந்தார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படையின் இசைக்குழு ஊதியமும் பயிற்சியும் ஒருங்கே தந்தது.

வீட்டிலும் அந்தப் பயிற்சி தொடர்ந்தது. இரவு நேரங்களில் தந்தையும் மகன்களும் இசையைப் பற்றியும் தத்துவத்தைப் பற்றியும் நெடுநேரம் விவாதிப்பார்கள். சிறுமியான தங்கை கரோலின் உறங்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பனி உறைந்த இரவொன்றில் தெருவுக்கு அழைத்துச் சென்று விண்மீன் கூட்டங்களை அவருக்குக் காட்டியவரும் தந்தைதான். 1756-இல் படைப்பிரிவு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. ஹனோவரின் ஆட்சியாளரே அன்று பிரிட்டனின் அரசராகவும் இருந்தார். அங்கே ஆங்கிலம் கற்கத் தொடங்கிய வில்லியம், ஊர் திரும்பும்போது வாங்கி வந்தது மனித அறிவைப் பற்றி ஜான் லாக் எழுதிய நூலை.

ஏழாண்டுப் போர் அதற்குள் தொடங்கிவிட்டது. 1757 ஜூலை 26 அன்று ஹாஸ்டன்பெக்கில் பிரெஞ்சுப் படையிடம் ஹனோவர் தரப்பு தோற்றது. போர்க்களத்தில் இசைக்கலைஞர்களைக் கவனிப்பார் எவரும் இல்லை. துப்பாக்கிக் குண்டுகளின் எல்லைக்குள், நனைந்த உடையுடன், என்ன செய்வதென்று அறியாமல் அவர்கள் அலைந்தனர். மெலிந்த உடலுடைய மகன் இதைத் தாங்க மாட்டான் என்று தந்தை கண்டார். தாம் அனுப்பிய மகனை வெளியேறும்படி தாமே அறிவுறுத்தினார்.

அன்னை அன்னாவுக்கும் அதில் பங்கு உண்டு. மேலங்கியைப் போர்த்துக்கொண்டு மகன் மெல்ல நடக்க, அவருடைய உடைமைகள் அடங்கிய மூட்டையைச் சுமந்தபடி தாய் பின்தொடர்ந்தார். கடைசிக் காவல் வீரரைக் கடக்கும்வரை அந்த நடை தொடர்ந்தது. ஏழு வயதுக் கரோலின் அந்தப் பிரிவை முதுமையிலும் மறக்காமல் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார். வில்லியம் ஹாம்பர்க் வழியாக, அண்ணன் யாக்கோபுடன் இங்கிலாந்து சென்று சேர்ந்தார்.

படையிலிருந்து தப்பியோடியவர் என்றும், புதிய கோளைக் கண்டறிந்த பின் அரசர் நேரில் மன்னிப்பு வழங்கினார் என்றும் ஒரு கதை நெடுங்காலம் உலவியது. உண்மை வேறு. தளபதி ஷ்பெர்க்கன் கையொப்பமிட்ட முறையான பணி விடுவிப்பு ஆணை 1762-லேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. அதுவரை ஐந்து ஆண்டுகள் அவருடைய நிலை தெளிவற்றது. தாயகம் திரும்புவது எளிதாக இருக்கவில்லை.

இங்கிலாந்தில் முதலில் இசைக் குறிப்புகளைப் படியெடுத்துப் பிழைத்தார். 1760-இல் டர்ஹாம் குடிப்படையின் இசைக்குழுவை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. படையிசையில் கற்ற தொழில் அயல்நாட்டில் சோறு போட்டது. அந்த ஆண்டுகளில் சிம்ஃபொனிகள் பல இயற்றினார். பின்னர் பாத் நகரில் தேவாலய ஆர்கன் கலைஞரானார்.

ஹனோவரில் இருந்த வீடு என்ன ஆயிற்று? பிரெஞ்சு வீரர்கள் அந்த வீட்டில் தங்கவைக்கப்பட்டனர். நோயுற்ற ஐசக் 1760-இல் படைப்பணியிலிருந்து விடுபட்டு, மாணவர்களுக்கு இசை கற்பித்துக் காலம் தள்ளினார். வில்லியம் 1764-இல் சில நாள்கள் மட்டும் ஊர் வந்து போனார். தந்தையை அவர் பார்த்தது அதுவே கடைசி. 1767-இல் ஐசக் மறைந்தார்.

தாயின் மனம் வேறு முடிவுக்கு வந்திருந்தது. படிப்பும் இசையும்தான் மகன்களைத் தம்மிடமிருந்து பிரித்தன என்று அவர் நம்பினார். எனவே மகளுக்கு அவை வேண்டாம் என்றார். பத்து வயதில் கண்ட கடும் காய்ச்சலால் வளர்ச்சி நின்றுபோன கரோலின், வீட்டு வேலைக்கே உரியவராக ஒதுக்கப்பட்டார். தாய் வீட்டில் இல்லாத வேளைகளிலும், அவர் மகிழ்ச்சியாக இருந்த வேளைகளிலும் தந்தை கற்றுக்கொடுத்த சிறிது வயலின்தான் அவருக்குக் கிடைத்த கலைக் கல்வி. அந்தத் தாயைக் குறை சொல்வது எளிது. மூட்டையைச் சுமந்து மகனை வழியனுப்பியவரின் அச்சம் அது என்பதையும் நினைக்க வேண்டும். அந்த அச்சத்தின் சுமையை ஏற்றது மகள்.

அந்தக் கடனைத் தீர்க்க வில்லியம் முற்பட்டது 1772-இல். தங்கையை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்ல வந்தார். வீட்டு வேலையைக் கவனிக்க மாற்று ஆள் வைத்துக்கொள்ளத் தாய்க்கு ஆண்டுதோறும் பணம் தர ஒப்புக்கொண்ட பிறகே அனுமதி கிடைத்தது. பாத் நகரில் கரோலின் பாடகியானார். அண்ணன் தொலைநோக்கி ஆடிகளைக் கை எடுக்காமல் மணிக்கணக்கில் மெருகேற்றியபோது உணவை அவர் வாயில் ஊட்டினார். இரவுகளில் அவர் கண்டதைக் குறித்துவைத்தார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு மூன்றாம் ஜார்ஜ் அரசர் ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியம் வழங்க, வில்லியம் இசைத்தொழிலை விட்டார். கரோலினும் 1786-இல் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு முதல் அவருக்கும் 50 பவுண்டு அரச ஊதியம் கிடைத்தது.

1822 ஆகஸ்ட் 25 அன்று ஹெர்ஷல் மறைந்தார். அவர் வரலாற்றைப் படிப்போர் அவருடைய உழைப்பையும் அறிவையும் வியப்பது இயல்பு. அவற்றுக்கு அடித்தளமிட்டது, ஒரு படையிசைக் கலைஞரின் எளிய வீடு.

படையில் சேர்ந்து இசைக்கருவி வாசிக்கப் போகும் பிள்ளைக்குக் குடும்பம் தர வேண்டியது வாழ்த்தும் பெருமிதமும் மட்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சீருடை என்பது வாத்தியத்தோடு வந்தாலும் சீருடையே. போர் வந்தால் அது கலைஞரையும் விட்டுவைக்காது. இதைத் தம் உடலால் அறிந்திருந்த ஐசக், தொழில் கற்க மகனை அனுப்பவும் தயங்கவில்லை. உயிர்க்கு ஆபத்து என்றபோது தம் முடிவை மாற்றிக்கொள்ளவும் தயங்கவில்லை. அப்படி மாற்றிக்கொள்வதைத் தோல்வியாக அவர் கருதவில்லை. அனுப்பும் துணிவைப் போலவே, திரும்பி வரலாம் என்று சொல்லும் துணிவும் ஆதரவுதான். அதற்கான விலையை வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதும் அந்த ஆதரவில் சேரும். ஹெர்ஷல் குடும்பத்தில் அந்தக் கணக்கைப் பார்க்க 15 ஆண்டுகள் ஆயின.